லுணுகலைக்கு எடுத்துப்போன பாதம்

பதுளையில் இறங்கியபோது என்னிடம் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்றில் என் துணிமணி. மற்றொன்றில், என் பழைய ஷாலைச் சுற்றி வைத்த ஒரு செயற்கைப் பாதம்.

கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் நிறுவனம் செய்கிற பாதம் அது. ரப்பர் உறையைக் கழற்றினால் உள்ளே ஒரு வளைந்த கறுப்புப் பட்டை இருக்கும். கரி இழைகளையும் கண்ணாடி இழைகளையும் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. குதிகால் படும்போது வளையும். விரல் பக்கம் ஊன்றும்போது உந்தித் தள்ளும். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்கள் அதை மாட்டிக்கொண்டு ஓரளவு இயல்பாகவே நடக்கலாம்.

ஒரே அடியில் உடையாத பொருளும், சின்னச் சின்ன அடிகளைத் திரும்பத் திரும்ப வாங்கினால் ஒருநாள் உடைந்துவிடும். அதற்கு அயர்ச்சி என்று பெயர். அதை அளப்பதுதான் என் வேலை. எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு இயந்திரம் இரவு பகலாக அந்தப் பாதத்தை மிதித்துக்கொண்டே இருக்கும். குதிகாலில் ஒரு அழுத்து, விரலில் ஒரு அழுத்து. பல வருட நடையை எங்கள் பாதம் அங்கே தாங்கிக் காட்டியிருந்தது. சமவெளி ஊர்களுக்கு இலவசமாகக் கொடுத்தவையும் நன்றாகவே இருந்தன. இலங்கையின் ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொடுத்தவை மட்டும் சில மாதங்களில் உடைந்து திரும்பி வந்தன.

"போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார் எங்கள் மேலாளர் ராகவன். "சமதரையில மட்டும் நடக்கணும்னு கையேட்டுலயே போட்டிருக்கோம். மலையேறி உடைச்சிருந்தா மாத்திக் குடுக்க முடியாது. அந்தப் பக்கம் குடுக்கறதையே நிறுத்திடலாம்."

உடனே சரி என்றேன். என் மகள் ஆதிரை அவளுடைய அப்பாவோடு தோகாவில் இருக்கிறாள். நாங்கள் பிரிந்தபோது அங்கே பள்ளி நன்றாக இருக்கிறதென்று அப்படி முடிவானது. விடுமுறைக்கு என்னிடம் வந்துவிட்டு அவள் திரும்பிப் போன வாரம் அது. அவளுடைய தலைமுடி ரப்பர்கள் சோபாவுக்கு அடியில், குளியலறைக் குழாயில், என் கைப்பைக்குள் என்று எங்கும் கிடந்தன. எந்த ஊருக்காவது போனால் தேவலை என்றிருந்தது.

முதல் நாள் பதுளையில் நல்ல மழை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் பெரியவரின் கடையில் ஒதுங்கினேன். இடியாப்பம், தேங்காய்ச் சம்பல், மஞ்சள் நிறத்தில் ஒரு பால் சொதி. எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும்தான். இங்கே சம்பலின் காரம் காதுவரை ஏறியது. கடைக்காரர் கேட்காமலே ஒரு பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார். பால் இல்லாத தேநீர். "இந்தியாவுலருந்து வாறீங்களா? அங்க டீயில பாலத்தான் குடிக்கிறாங்க, தேயிலைய எங்க குடிக்கிறாங்க?" என்று சிரித்தார். குடித்துப் பார்த்தேன். மறுக்க முடியவில்லை.

செயற்கைக் கால் பொருத்தும் பட்டறையில் தர்மினி காத்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். படிப்பு முடித்து வேலை கிடைத்தது இங்கே. உடைந்து வந்தவற்றில் ஒன்று அவளுடைய மேசைமேல் இருந்தது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பட்டை நேராக ஒடிந்திருக்கவில்லை. ஓரத்தில் தொடங்கி, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று உரிந்து, பழைய புத்தகம்போல் விரிந்திருந்தது.

"இது செல்வமணியக்காவின்ர. லுணுகலைக்குப் பக்கத்துத் தோட்டம்" என்றாள் தர்மினி. "லயத்து வீட்டு வாசல்லதான் நடந்தனான் எண்டு சொல்லுறா. பொய் அக்கா. ஆனா நான் துருவிக் கேக்கேல்ல. கேட்டா எழுத வேணும். எழுதினா இனிக் குடுக்க மாட்டினம்."

"நான் கேட்டாலும் எழுத வேண்டியிருக்குமே" என்றேன்.

"ஓம். அதுதான் நீங்கள் வந்தது எனக்குப் பயமாக் கிடக்கு."

மறுநாள் இருவரும் பஸ் ஏறினோம். முன்னிருக்கையில் இரண்டு பெண்கள் சிங்களத்தில் பேசிக்கொண்டே வந்தார்கள். தர்மினி என் காதில் மொழிபெயர்த்தாள். ஒருத்தியின் மகன் கொரியாவுக்குப் போய்விட்டான். "அங்கே பனி கொட்டுகிறது, போனில் காட்டுகிறான். எனக்கு எதற்குப் பனி? அவன் முகத்தைக் காட்டு என்றால் ஜன்னலைக் காட்டுகிறான்." கேட்டதும் எனக்கு ஆதிரையின் ஞாபகம் வந்தது. அவளும் அப்படித்தான், முகத்தைக் காட்டு என்றால் தன் பூனையைத்தான் காட்டுவாள்.

பசறை தாண்டி ஒரு வளைவில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. "எல்லாரும் எறங்கி அங்கிட்டு நடந்து போங்க, அந்தப் பக்கத்து பஸ் வரும்" என்றார் நடத்துனர், சாதாரணமாக, நிறுத்தத்தின் பெயரைச் சொல்வதுபோல. பயணிகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் துணிப்பெட்டியைத் தர்மினியிடம் கொடுத்துவிட்டு, பாதம் இருந்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சேற்றில் நடந்தேன். ஈரச் சரிவில் என் கணுக்கால் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே மடங்கி, திரும்பி, நிமிர்ந்தது. இரண்டு முறை விழப் பார்த்தேன். எங்கள் இயந்திரம் இப்படி ஒரு அடிகூட வைத்ததில்லை.

தோட்டத்தில் எங்களை முதலில் பிள்ளைக்காம்பராவுக்குத்தான் கூட்டிப்போனார்கள். அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். தொட்டில்கள், பால்மாவு வாசனை, சுவரில் மங்கிப்போன வாத்து. செல்வமணி தரையில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி, நிமிர்ந்த கழுத்து. எழுந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய ரப்பர் பாதத்தின் கனம் தெரிந்தது. காலை எடுத்துவைக்கவில்லை, இழுத்தார்.

"வாங்க மிஸ். நனைஞ்சிட்டு வந்துருக்கீங்க. மொதல்ல தேத்தண்ணி குடிங்க."

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியிருந்த மலையில், கூரான கட்டை ஒன்று அவர் காலில் குத்தியிருக்கிறது. சர்க்கரை இருந்தது அவருக்கே தெரியாது. புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, தீபாவளிக்கு வருவார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மலை வேலை முடியாதென்று இங்கே ஆயாவுக்கு உதவியாகப் போட்டிருக்கிறார்கள்.

"பாதம் எப்படி உடைஞ்சதுங்க?" என்று கேட்டேன்.

"சும்மா வாசல்லதான் நடந்தேன் மிஸ். டக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, குழந்தையின் வாயைத் துடைப்பதில் மும்முரமானார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்குள் கவிஷ்கா என்ற குட்டிப் பெண் தவழ்ந்து வந்து என் மடியில் ஏறிவிட்டாள். சோற்றுக்கையால் என் முகத்தைத் தடவினாள். மூன்று மணி நேரமாகப் பஸ்ஸிலும் சேற்றிலும் வந்த களைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இறக்கிவிட மனமில்லாமல் வெகுநேரம் வைத்திருந்தேன். செல்வமணியோ ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்மலையில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ எதையோ கத்த, எல்லாரும் சிரிப்பது இங்குவரை கேட்டது.

"என்னா சொல்லிச் சிரிக்கிறாளுகன்னு வெளங்கல" என்றார் செல்வமணி. "அங்க இருந்தா வெளங்கும்."

மூன்றாம் நாள் வேலையை ஆரம்பித்தேன். நான் கொண்டுவந்த பாதத்தின் பட்டையில் நகத்தளவு உணரிகளை ஒட்டியிருந்தேன். பட்டை எவ்வளவு வளைகிறது, எவ்வளவு முறுக்குகிறது என்று அவை தனித்தனியே சொல்லும். ஒரு சின்னப் பெட்டி அதைப் பதிவு செய்யும். அந்தப் பெட்டியைச் செல்வமணியின் செயற்கைக் காலில், கெண்டைக்கால் இடத்துக் குழாயில் கட்டினோம். தர்மினி பாதத்தைப் பூட்டி, உயரம் சரிபார்த்து, "எழும்புங்கோ" என்றாள்.

செல்வமணி எழுந்தார். காம்பராவின் சிமெண்ட் தரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தார். இழுக்கவில்லை. திரும்பும் இடத்தில் கையை வீசித் திரும்பினார். ஒருமுறை எங்களைக் கவனிக்காமல் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

மடிக்கணினியில் பார்த்தேன். வளைவுக்கோடு ஏறி இறங்கியது. முறுக்குக்கோடு கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது. எங்கள் சோதனைக்கூடத்தில் பார்ப்பது அப்படியே.

"இனி நீங்க தினமும் நடக்கிற பாதையில மட்டும் நடங்க" என்றேன். "மலைக்கு வேணாம்."

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்திலிருந்து குழாயடிக்கு இறங்குகிற படிகள் கல்லை அடுக்கிச் செய்தவை. ஒன்று இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது வலப்பக்கம் சாயும். குழாயடியிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். செல்வமணி குடத்தோடு நடந்தார். திரும்பி வந்து பதிவைப் பார்த்தபோது முறுக்குக்கோடு எகிறிக் குதித்திருந்தது. அதுவும் வளைவு உச்சத்தில் இருக்கும் அதே நொடியில். இழைகள் நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். ஆனால் வளைக்கிறபோதே முறுக்கினால் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பிசின்தான் அத்தனையையும் வாங்க வேண்டும். அங்கே ஒரு கீறல் விழும். வெளியே தெரியாது, வலிக்காது. அடுத்த அடியில் கொஞ்சம் நீளும், அதற்கடுத்த அடியில் இன்னும் கொஞ்சம்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சமதரை கிடைக்குமா என்று அன்று மாலைவரை தோட்டத்தில் தேடினோம். கோயில் முற்றம்கூட ஒரு பக்கம் சரிந்துதான் இருந்தது. பொள்ளாச்சிச் சாலையில் வீடு வைத்திருக்கிற நாங்கள் 'சமதரை' என்று ஒரு வார்த்தையைக் கையேட்டில் எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு செல்வமணி தன் வீட்டில் எங்களுக்கு ரொட்டியும் இடித்த சம்பலும் கொடுத்தார். கெட்டியான, அடுப்பில் சுட்ட கோதுமை ரொட்டி. பாதியைப் பிட்டு வாயில் போடும்போது அவர் சொன்னார்:

"மிஸ், நான் மலைக்குப் போனேன்."

தர்மினி சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"தெரியும்ங்க" என்றேன்.

"பாதம் குடுத்த மறு வாரமே போயிட்டேன். தொரைகிட்ட கெஞ்சிக் கேட்டு வாங்குன வேல. காலையில பெரட்டுக்குப் போயி பேரு கூப்பிடுறப்ப நிக்கிறது இருக்கே... பொம்பளப் புள்ளைய கெட்டிக் குடுக்குறப்பகூட நான் அப்பிடிச் சந்தோசப்படல. கூடைய மாட்டிக்கிட்டு நெரையில நின்னா, இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. வாய் ஓயாது. மழ வந்தாலும் வெயில் வந்தாலும் சேந்துதான். கீழ உக்காந்து அவளுக சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருக்க என்னால முடியல மிஸ்." கொஞ்சம் நிறுத்தினார். "எழுதுவீங்களா?"

"எழுதித்தான் ஆகணும். ஆனா மலைக்குப் போனதாலதான் உடைஞ்சதுன்னு எழுத மாட்டேன். ஏன்னா அது உண்மை இல்ல. நீங்க போகாம இருந்திருந்தாலும் உடைஞ்சிருக்கும். கொஞ்சம் தாமதமா."

அவருக்கு அது ஆறுதலா, வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. இன்னொரு ரொட்டியை என் தட்டில் வைத்தார்.

நான்காம் நாள் காலை அவரை மலைக்கு நானே கூட்டிப்போனேன். அளவு வேண்டும் என்பது காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. அவர் முன்னால் ஏற, நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"அடியே, செல்வமணி வாறா! கால் வந்துருச்சா?"

"இரவல் காலுடி! இன்னைக்கி மட்டுந்தான்!"

ஒருத்தி தன் கூடையைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள். மற்றவர்கள் இடம் விட்டார்கள். அவர் விரல்கள் செடிமேல் ஓடின. எனக்கு அவர் பாதத்தைப் பார்க்க வேண்டும், அது சரிவில் எப்படித் திரும்புகிறது என்று. ஆனால் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தாநாள் ஜன்னலருகே உட்கார்ந்திருந்த பெண் இவர் இல்லை. எதிர்ப்பக்கத்தில் கீழே பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரை சின்னதாகத் தெரிந்தது. கவிஷ்கா எழுந்திருப்பாளா, சாப்பிட்டிருப்பாளா என்று என் நினைப்பு அங்கே போய்க்கொண்டிருந்தது. அவர் ஏங்கிய இடத்தில் நான் நின்று, அவர் தப்பி வந்த இடத்துக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் லுணுகலைக்கு வந்து, சிக்னல் கிடைத்த ஒரு புடவைக் கடை வாசலிலிருந்து ராகவனைக் கூப்பிட்டேன்.

"மலையேறினாங்களா இல்லையா?" என்றார்.

"ஏறினாங்க சார். ஆனா குழாயடிக்குப் போறதும் வேலைக்குப் போறதுமே பாதத்த முறுக்குது. படம் அனுப்பியிருக்கேன் பாருங்க. இங்க சமதரைன்னா அந்தக் குழந்தைங்க அறையோட சிமெண்ட் தரை மட்டும்தான். அந்தத் தரைக்கு வரவே படி இறங்கணும்."

அவர் படத்தைத் திறந்து பார்க்கும்வரை காத்திருந்தேன். பக்கத்தில் கடைக்காரர் ஒரு அம்மாவுக்குச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வளைவும் முறுக்கும் சேர்ந்தே வருது" என்றார் ராகவன் மெதுவாக. "நாம ஒண்ணை மட்டும்தான் சோதிச்சிருக்கோம்."

"ஆமா சார்."

"அப்ப இது அங்க யாருக்கும் பாதுகாப்பு இல்ல. நிறுத்தறதுதானே சரி?"

"நிறுத்தலாம். இல்லன்னா திருத்தலாம். இழைய எல்லா அடுக்குலயும் நீளவாக்குல போடாம, நடுவுல குறுக்குச் சாய்வா சில அடுக்கு போடணும். ஓரத்தக் கொஞ்சம் தடிமனாக்கணும். இயந்திரத்துல முறுக்கையும் சேக்கணும். நான் பொறுப்பெடுத்துக்கறேன்."

"எடை கூடும். செலவு கூடும்." பெருமூச்சு விட்டார். "சரி, வாங்க. ஒரு முயற்சி பண்ணுவோம். ஆனா அந்தப் பாதத்தை அங்க விட்டுட்டு வராதீங்க. சரிவுல நிக்கும்போது உடைஞ்சா என்ன ஆகும்?"

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது.

நான் திரும்பிப் போனபோது செல்வமணி லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் காலை நீட்டினார். தர்மினி திருகாணியைக் கழற்றச் சாவியோடு குனிந்தாள். சாவியை வாங்கி நானே கழற்றினேன். பாதம் கையோடு வந்தது. உறையின் ஓரத்தில் மலைமண் ஒட்டியிருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை.

"வேற செஞ்சு அனுப்புறேன்" என்றேன். "நாளாகும்."

"அனுப்புனா சந்தோசம் மிஸ்" என்றார் செல்வமணி. பழைய ரப்பர் பாதத்தை அவரே இழுத்துவைத்துப் பூட்டச் சொன்னார். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போய்த் தேத்தண்ணிக்கு அடுப்பைப் பற்றவைத்தார். அவர் அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் ரயிலில் திரும்பினேன். அப்புத்தளையில் ஜன்னல் முழுக்க மேகம்; மலை இருந்த இடமே தெரியவில்லை. ஆதிரை கூப்பிட்டாள். பூனையைக் காட்டினாள். பிறகு, "அம்மா, உன் பக்கம் எல்லாம் வெள்ளையா இருக்கு, உன்னைக் காணல" என்றாள். போனை முகத்துக்கு அருகே கொண்டுபோனேன். அந்த நிலையம் தாண்டும்வரை இருவரும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோயம்புத்தூரில் வேலை நினைத்ததைவிட இழுத்தது. பாதத்தை மிதிக்கும்போதே திருகவும் கூடிய இயந்திரம் அமைக்கவே பல வாரம் போனது. முதலில் செய்த மாதிரி பாதம் பழையதைவிட மோசமாக உரிந்தது. சாய்வு அடுக்குகளை வெளிப்பக்கம் போட்டுப் பார்த்தோம், உள்ளே போட்டுப் பார்த்தோம். கடைசியில் ஒன்று தாங்கியது. நாங்கள் குறித்த எண்ணிக்கையைத் தாண்டிய பிறகும் முறிக்க முடியாமல் இயந்திரம் அதை மிதித்துக்கொண்டிருந்தது. கையேட்டிலிருந்து 'சமதரையில் மட்டும்' என்ற வரியை ராகவனே எடுத்துவிட்டார். புதிய பாதங்கள் பதுளைக்குப் போயின. செல்வமணிக்குத் தர்மினி பொருத்திவிட்டாள். மலைக்குப் போகலாம் என்று அவளே தோட்டத்துக்குச் சொல்லவும் செய்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் செல்வமணியே போன் செய்தார். பின்னால் காற்றும் பெண்களின் பேச்சும் கேட்டன.

"மிஸ், மலையிலருந்துதான் பேசுறேன். பாதம் நல்லா இருக்கு. கொஞ்சம் கனந்தான், பழகிருச்சு."

"சந்தோசங்க. வலி ஏதும் இருக்கா?"

"வலியெல்லாம் இல்ல." தயங்கினார். "ஒண்ணு கேக்கணும். சிரிக்கக்கூடாது. அந்த கவிஷ்கா புள்ள இருக்காள்ல, நான் இல்லாம சோறு திங்க மாட்டேங்குறாளாம். ஆயாம்மா சொல்லுச்சு. எனக்கும் இங்க நின்னா அது நெனப்பாவே இருக்கு மிஸ். கையி கொழுந்து பறிக்குது, மனசு கீழ கெடக்குது. மத்தியானத்துல ஒரு தடவ எறங்கிப் போயி ஊட்டிவிட்டுட்டு ஏறி வந்துரலாமான்னு பாக்குறேன். தெனமும் ரெண்டு தடவ ஏறி எறங்குனா பாதத்துக்கு ஏதும் ஆகுமா?"

என் முன்னால் கண்ணாடிக்குப் பின்னே இயந்திரம் அடுத்த பாதத்தை மிதித்து, திருகி, விட்டுக்கொண்டிருந்தது. ஒரு சுற்று முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மிஸ்? இருக்கீங்களா?"

"இருக்கேங்க. போங்க. போய் ஊட்டிட்டு வாங்க. அது தாங்கும்."